திமிங்கிலக் கிரீடம்

மார்ச் 6

தம்பி மனைவிக்கு,

என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்க மாட்டாய் என்றும் தெரியும். அதனால்தான் தபால். ஜனவரியில் தம்பி ஒப்பந்த வேலைக்குக் கிளம்பிய அன்று, "நீ வேலைக்குப் போறவ, அவன் திரும்பி வர்ற வரைக்கும் குழந்தை என்கிட்ட இருக்கட்டுமே" என்று நாலு பேர் முன்னால் நான் சொன்னது உனக்கு இன்னும் ஆறவில்லை. அது வேறு, இது வேறு. எலிக்குட்டி உனக்கு மகள், எனக்கு மருமகள். அதோடு என் வகுப்பில் படிக்கிற பிள்ளை. இந்தக் கடிதத்தை அவளுடைய டீச்சராகத்தான் எழுதுகிறேன்.

இந்த வாரம் பாலூட்டிகள் பாடம். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிச் சொன்னால் மண்டையில் ஏறாது, தொட்டுப் பார்த்தால்தான் ஏறும். திங்களன்று இறகு, செதில், ரோமம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டிப் பிரிக்கச் சொன்னேன். ஒரு வாலு என் தலைமுடியை இழுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சரும் பாலூட்டிதான்" என்று தீர்ப்பு சொன்னது. மறுநாள் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒருவர் நெஞ்சை ஒருவர் கேட்டார்கள். புதனன்று திமிங்கிலம்.

ஒரு தொட்டியில் தண்ணீரும் ஐஸும். இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவில் கெட்டியான கொழுப்பை அப்பி ஒரு கையுறை. முதலில் வெறுங்கையை ஐஸில் வைக்க வேண்டும், பிறகு கையுறையோடு. அவ்வளவு குளிர்ந்த கடலில் திமிங்கிலம் எப்படி உயிரோடு இருக்கிறது என்று கையே சொல்லிவிடும். வெறுங்கையை வைத்த பிள்ளைகள் எல்லாம் கீச்சென்று கத்தி உடனே எடுத்துவிட்டார்கள். எலிக்குட்டி எடுக்கவில்லை. மற்ற பிள்ளைகள் கைதட்டத் தட்ட அவள் அப்படியே நின்றாள். கையுறை வேண்டாம் என்று தலையாட்டினாள். நானும் முட்டாள் மாதிரி, "நீதான்டி நிஜத் திமிங்கிலம்" என்று ஒரு காகிதக் கிரீடத்தை அவள் தலையில் வைத்தேன்.

துண்டால் துடைக்கும்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். விரலெல்லாம் வீங்கிச் சிவந்து, சுண்டு விரலில் தோல் உரிந்திருந்தது. ஒரு நாளில் வருகிற புண் இல்லை அது. "வலிக்கலையா?" என்றேன். "வீட்ல தினமும் வைப்பேன், பழகிடுச்சு" என்றாள். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றதும் முகம் மாறிவிட்டது. "அம்மாகிட்ட சொல்லாதீங்க டீச்சர், அடிப்பாங்க" என்று ஒரே அழுகை.

எங்களுக்கு இதற்கென்றே பயிற்சி உண்டு. குழந்தை எதற்குப் பயப்படுகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். நான் பார்த்துவிட்டேன். தலைமையாசிரியையிடமும் சொல்லிவிட்டேன், அவர் குழந்தைகள் நல அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். உன் பக்கம் ஏதாவது நியாயம் இருந்தால் எழுது.

அவளுடைய அத்தை

—

மார்ச் 11

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. இரண்டு பெண்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார்கள். "ஐஸ் எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். ஃப்ரிட்ஜில் ஐஸ் இல்லாமல் நெருப்பா இருக்கும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரித்தார்" என்று எழுதிக்கொண்டார்கள்.

என் பிள்ளையின் கை எனக்குத் தெரியாதா? பிப்ரவரியிலேயே மருந்துக்கடையில் காட்டினேன். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று கடைக்காரர் களிம்பு கொடுத்தார். நான் வேலை பார்க்கிற சலவைக்கூடத்தில் எங்கள் எல்லாருக்கும் கை அப்படித்தான் வெந்து கிடக்கும். என் துணியில் ஒட்டி வருகிற வெளுப்பு மருந்துதான் அவளைத் தொட்டுவிட்டதோ என்று பயந்து, வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் அவளைத் தூக்கினேன். இதையெல்லாம் அந்தப் பெண்களிடம் சொன்னேன். அது எதையும் அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை.

அம்மா அடிப்பாங்க என்றாளா? எந்தப் பிள்ளை சொல்லாது? பாலைக் கொட்டினால் சொல்வாள், செருப்பைத் தொலைத்தால் சொல்வாள். பிள்ளை பெற்றவர்களுக்கு அது தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். புண்ணான கையோடு வந்த குழந்தையை ஐஸ் தொட்டியில் கை வைக்கச் சொன்னது யார்? அத்தனை நேரம் விட்டு வேடிக்கை பார்த்துக் கைதட்டியது யார்? கிரீடம் வேறு! எனக்கு என்ன வைக்கப் போகிறீர்கள்?

அவளை உங்கள் வீட்டில் விடப்போவதாகச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். "சொந்தக்காரங்க வீடுதானேம்மா, விசாரணை முடியுற வரைக்கும்தான்" என்றார்கள். நீங்கள் ஜனவரியில் கேட்டது மார்ச்சில் கிடைத்துவிட்டது. சந்தோஷம்தானே?

எலிக்குட்டியின் அம்மா

—

மார்ச் 17

தம்பி மனைவிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அடிக்காமல் விட்ட வரிக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

பிள்ளை பத்திரமாக இருக்கிறாள். மருத்துவரிடம் காட்டினேன். குளிரால் வந்த புண் என்று அவரும் சொன்னார், சோப்பு இல்லை. தம்பியிடம் பேசினேன். ஒப்பந்தம் முடியாமல் விடமாட்டார்களாம். "அவளுக்குக் கோபம் வரும்தான்க்கா, ஆனா இப்படியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். உண்மை தெரிகிற வரைக்கும் என்னிடமே இருக்கட்டும் என்கிறான். அதை நான் சொல்லிக்கொடுத்ததாக நினைக்காதே.

அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. வகுப்பிலும் பேச்சு நின்றுவிட்டது. நேற்று வௌவால் விளையாட்டு வைத்தேன். குகையில் ஆயிரக்கணக்கில் குட்டிகள் தொங்கினாலும் தாய் வௌவால் தன் குட்டியைக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடும். கண்ணைக் கட்டிய பிள்ளை தாய், மற்றவர்கள் ஆளுக்கொரு சத்தம் போடும் குட்டிகள். எல்லாரும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள். இவள் மட்டும் மூலையில் வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் என்ன சாப்பிடுவாள், எப்படித் தூங்குவாள் என்று எழுது. மாற்றுத்துணியும் வேண்டும். இதை அவளுக்காகக் கேட்கிறேன்.

அவளுடைய அத்தை

—

மார்ச் 25

அண்ணி,

துணி மூட்டையைப் பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறேன். சாம்பல் நிறச் சட்டையின் கை கிழிந்திருக்கும், அதைத் தைத்துவிடாதீர்கள். அந்தக் கிழிசலில் விரலை விட்டுக்கொண்டுதான் தூங்குவாள். சோற்றைப் பிசைந்து கொடுத்தால் சாப்பிட மாட்டாள், உருண்டை உருண்டையாகத் தட்டில் வைத்துவிட்டு நீங்கள் வேறு பக்கம் பார்க்க வேண்டும். எலி திருடித் தின்னும். பிறகு "அய்யோ, என் சோறு எங்கே?" என்று நீங்கள் அலற வேண்டும். உங்களுக்கு அலற வருமா என்று தெரியவில்லை, முயற்சி செய்யுங்கள்.

அவள் சத்தமே போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்து, அவளை விட்டிருக்கிற மாடிவீட்டுக் கதவைத் தட்டுவேன். உள்ளேயிருந்து "கீச்" என்பாள். நானும் "கீச்" என்பேன். அப்புறம்தான் தாழ்ப்பாளைத் திறப்பாள். அந்தச் சத்தத்தை உங்கள் வகுப்பில் எதற்குப் போட வேண்டும்? அங்கே அம்மா இல்லையே.

பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஆறு மணி வரை மாடிவீட்டுத் தையல்காரம்மா பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் மிஷினில் உட்கார்ந்துவிட்டால் இடி விழுந்தாலும் தெரியாது, பிள்ளை தண்ணி குடிக்கப் போறேன் என்று கீழே எங்கள் வீட்டுக்கு இறங்கிவிடும் என்று இப்போதுதான் சொல்கிறார். இதையும் அலுவலகத்தில் சொன்னேன். "அப்போ தனியா விட்டீங்க" என்று அதையும் என் தலையில் கட்டினார்கள். சலவைக்கூடத்தில் மேஸ்திரி என்னை இஸ்திரி மேஜையிலிருந்து எடுத்து அழுக்குத்துணி பிரிக்கிற பக்கம் போட்டுவிட்டான். தெருவில் தலை நிமிர முடியவில்லை.

இந்தச் சனிக்கிழமையும் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அவளைப் பார்க்க விட்டார்கள். ஒரு அம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "எப்பம்மா வீட்டுக்கு வருவேன்?" என்று கேட்பாள், என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அவள் கேட்டது, "நான் எப்ப அப்பாகிட்ட போவேன்?" என்று. அந்த ஒரு மணி நேரமும் அதையேதான் கேட்டாள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் படித்தவர், யோசித்துப் பாருங்கள். அவள் என்னைவிட்டுப் போய்ப் பதினைந்து நாளாகிறது. கையைப் பார்த்தேன். ஆறவில்லை. போன சனிக்கிழமைக்கு இந்தச் சனிக்கிழமை மோசமாக இருந்தது. ஐஸ் வைத்தது நான் என்றால், இப்போது வைப்பது யார்?

எலிக்குட்டியின் அம்மா

—

ஏப்ரல் 2

எலிக்குட்டியின் அம்மாவுக்கு,

நீ கேட்ட கேள்வியை நான் நம்பவில்லை. புண் ஆற நாளாகும் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். பூசி மெழுக என்னால் முடியாது.

பள்ளியிலிருந்து வந்ததும் நான் குளிக்கப் போவேன். நேற்றுக் குழாயில் தண்ணீர் நின்றுபோனதால் பாதியிலேயே வெளியே வந்தேன். ஃப்ரிட்ஜ் முன்னால் முக்காலி போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தாள். வலது கை முழங்கை வரை ஐஸ் பெட்டிக்குள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"என்னடி பண்றே?"

"பேசாதீங்க அத்தை, மறந்துடும்" என்றாள். கையை எடுக்கவில்லை. "முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொம்போது..." நின்றாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு மறுபடி, "ஒண்ணு, ரெண்டு..."

நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். அவள் கையை என் வயிற்றில் அழுத்திக்கொண்டு, "ஏன்டி மறுபடியும் ஒண்ணுலேர்ந்து?" என்று கேட்டேன். கேட்பதற்கு எனக்கு வேறு எதுவும் வரவில்லை.

"முப்பத்தொம்போதுக்கு அப்புறம் தெரியாது. அதான் முதல்லேர்ந்து எண்ணுறேன்."

"எது வரைக்கும் எண்ணணும்?"

"நூறு. ஐஸ்ல கைய வெச்சுக்கிட்டு நூறு எண்ணினா அப்பா கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு. அப்பா வேலை செய்யுற இடத்துல எல்லாமே ஐஸ்தானாம், மீனெல்லாம் கல்லு மாதிரி இருக்குமாம். தாங்குற ஆளைத்தான் உள்ள விடுவாங்களாம்." பிறகு என் காதில் ரகசியமாக, "அம்மாகிட்ட சொன்னா போக விடமாட்டாங்க, அடிப்பாங்க" என்றாள்.

தம்பி கிளம்பிய அன்று அவன் காலைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றாளே, அப்போது சொல்லியிருக்கிறான். பிள்ளையைக் காலிலிருந்து பிரிக்க ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டான். அன்று முதல் தினமும் அவள் நூறைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரியில் என் வகுப்பில் முப்பத்தொன்பது வரை சொல்லிக்கொடுத்தோம். நாற்பதிலிருந்து மார்ச்சில் தொடங்கியிருக்க வேண்டும். பாலூட்டிகள் பாடத்துக்கு நாள் போதாது என்று எண் பாடத்தைத் தள்ளிவைத்தது நான்தான். தெரிந்திருந்தால் ஒரே தடவையில் எண்ணிவிட்டுக் கையை எடுத்திருப்பாளா, இல்லை அப்புறமும் தினமும் வைத்திருப்பாளா? எனக்குத் தெரியவில்லை. ராத்திரியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் இன்று பார்த்தார். சுண்டு விரல் நுனி கறுத்துவிட்டது. பக்கத்து விரலில் ஊசியால் குத்தியும் அவளுக்குத் தெரியவில்லை. நுனியை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்.

நான் உன்மேல் சொன்னது பொய். நாளைக்கே அலுவலகத்துக்குப் போய் எழுதிக்கொடுத்துவிடுகிறேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதி அதோடு முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அண்ணி

—

ஏப்ரல் 10

அண்ணி,

நீங்கள் எழுதிக்கொடுத்த அழகை அலுவலகத்தில் எனக்கும் காட்டினார்கள். "குடும்பத்துக்குள்ள பேசி ராசியாயிட்டீங்க போலிருக்கு" என்றார் அந்த அம்மாள். முதலில் சொன்னதை எந்தக் கேள்வியும் கேட்காமல் நம்பினார்கள், இப்போது சொல்வதை நம்ப ஆயிரம் கேள்வி. என் வீட்டிலும் புண், உங்கள் வீட்டிலும் புண், ஆக இரண்டு வீடும் சரியில்லை என்று முடிவு கட்டி அவளைக் காப்பகத்தில் போட்டுவிட்டார்கள். இதுவும் உங்களுக்குத் தெரியும். எழுதினால்தான் எனக்கு மனசு கொஞ்சம் ஆறுகிறது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று விரல் நுனியை எடுத்தார்கள். என்னைக் கேட்டுக் கையெழுத்து வாங்கவில்லை. கட்டுப் போட்டபிறகுதான் பார்க்க விட்டார்கள். "வலிச்சுதாடி?" என்றேன். "ஐஸ் வெச்சா வலிக்காதும்மா" என்கிறாள். எனக்கே சொல்லித் தருகிறாள்.

அன்று உங்கள் தம்பி சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அதை நினைத்தால்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

உங்கள் தம்பியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் வாயைத் திறந்தால் அசிங்கமாக வரும்.

எலிக்குட்டியின் அம்மா

—

மே 4

எலிக்குட்டியின் அம்மாவுக்கு,

விசாரணை இந்த மாதக் கடைசியில். மருத்துவரும் வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டார். நான் நேரில் நின்று, "நான் தவறாகப் பார்த்தேன்" என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன். என்னை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். நூலக அறையில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுகிறேன். இதை உன் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை, உனக்கு வேறு யாராவது வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்க்கா" என்றான். "அது விளையாட்டுன்னு அவகிட்ட சொன்னியாடா?" என்றேன். வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுப்பதே இல்லை.

காப்பகத்தில் வியாழக்கிழமைகளில் எனக்கு ஒரு மணி நேரம் கொடுக்கிறார்கள். அவள் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "முப்பத்தொம்போதுக்கு அப்புறம் என்ன டீச்சர்?" என்பது. அத்தை என்று கூப்பிடவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஆனால் பிள்ளை கேட்டு நான் சொல்லிக்கொடுக்காமல் இருந்ததில்லையே. நாற்பது என்றேன்.

பத்துப் பத்தாக விரலில்தான் சொல்லிக்கொடுப்போம். அந்தக் கட்டைப் பார்த்ததும் என் கைப்பையிலிருந்த பொத்தான்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தேன். மூன்று வியாழக்கிழமைகள். இப்போது தொண்ணூறு வரை தடுமாறாமல் வருகிறாள். "ஐஸ் வேண்டாம்டா, எண்ணினாலே போதும்" என்று சொல்லியிருக்கிறேன். "அப்ப நான் எண்ணினது அப்பாவுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "அம்மா சொல்லுவாங்க" என்றேன். அந்த நேரத்துக்கு அதுதான் வாயில் வந்தது.

உன்னைக் கேட்காமல் உன்மேல் இன்னொன்றையும் சுமத்திவிட்டேன் என்று வெளியே வந்தபிறகுதான் உறைத்தது.

அண்ணி

—

ஜூன் 9

அண்ணி,

எலிக்குட்டி வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. விசாரணையில் நீங்கள் நின்று பேசியதைக் கேட்டேன். அவர்கள் குத்திக் குத்திக் கேட்டும் நீங்கள் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைத்துவிடாதீர்கள். மாதம் ஒரு தடவை அந்தப் பெண்கள் வந்து வீட்டைப் பார்ப்பார்களாம். ஃப்ரிட்ஜை விற்றுவிட்டேன். இப்போது, "ஏன் வித்தீங்க?" என்று கேட்கிறார்கள்.

தையல்காரம்மா தன் மிஷினைக் கீழே என் வீட்டுக்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். முதல் நாள் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினேன். கீச் வரவில்லை. நான் ஒரு தடவை "கீச்" என்று பார்த்தேன். அதற்கும் பதில் இல்லை. கதவில் காதை வைத்தேன். உள்ளே எண்ணிக்கொண்டிருந்தாள். அதைக் கலைக்க மனசு வராமல் அழுக்குச் சேலையோடு வாசலிலேயே நின்றேன். தொண்ணூற்றொன்பதில் நின்றாள். என் நெஞ்சு அடித்த அடிக்கு உங்கள் ஸ்டெதஸ்கோப்பே தேவையில்லை. பிறகு சத்தமாக, "நூறு!"

அவளே வந்து கதவைத் திறந்தாள். நீங்கள் வைத்த அந்தக் காகிதக் கிரீடம் தலையில். அதை எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ தெரியாது. "அம்மா, நூறு வந்துடுச்சு! அத்தை ஐஸ் வேண்டாம், எண்ணினாலே போதும்னாங்க. நீ அப்பாகிட்ட சொல்லிடு, நான் ரெடி" என்றாள். ஒரு பையில் அந்தச் சாம்பல் சட்டையையும் செருப்பையும் எடுத்து வைத்திருக்கிறாள். தினமும் காலையில் அந்தப் பையை வாசலில் கொண்டுபோய் வைக்கிறாள், ராத்திரி உள்ளே எடுத்து வைக்கிறாள்.

உங்கள் தம்பி நேற்று எனக்குப் போன் செய்தார். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். விடுப்பும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டாராம். அவள் கையைப் பார்க்கிற தைரியம் தனக்கு இல்லை என்றார். பிள்ளையிடம் கொடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

இதை நான் அவளிடம் சொல்ல மாட்டேன். என்னால் முடியாது. தலைமையாசிரியையிடம் சொன்னீர்கள், அலுவலகத்தில் சொன்னீர்கள், விசாரணையில் சொன்னீர்கள். எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொன்னவர் நீங்கள்தான். அவளுக்கு நூறு வரைக்கும் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான்.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. சாயங்காலம் வாருங்கள். இந்தத் தடவை கதவைத் திறக்கிறேன். அவள் வழியிலேயே அந்தப் பையை வைத்திருப்பாள், காலில் தடுக்கும், பார்த்து வாருங்கள். உள்ளே வந்து உட்கார்ந்து, அப்பா வரமாட்டார் என்று அவளிடம் நீங்களே சொல்லுங்கள். நான் பக்கத்தில் இருக்கிறேன்.

எலிக்குட்டியின் அம்மா